செம்மண், சுக்கான், கரிசல் மூன்றும் ஒரே பூமியில்: மண் விவரம் எப்படி எழுதுவது?

மேக்கால்தோட்டம் கேட்டது:

வணக்கம்ங்க. பொங்கலூர் பக்கம் 5 ஏக்கர் 20 சென்ட் பூமி. தென்மேற்கு மேடு, வடகிழக்கு பள்ளம். மேட்டில் 2 ஏக்கர் சரளை கலந்த செம்மண். நடுவில் ஒன்றரை ஏக்கர் பார்க்கச் செம்மண்தான், ஆனால் உழுதால் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) மேலே வருகிறது. பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் கரிசல். அதன் மூலையில் 20 சென்ட் அளவுக்கு வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அருகு மட்டும் திட்டுத் திட்டாக இருக்கிறது, வேறொன்றும் முளைப்பதில்லை.

மேட்டில் தென்னையும் நடுப்பகுதியில் எலுமிச்சையும் வைக்கலாம் என்று எண்ணம். சொட்டுநீர் அமைப்பவர் மண் விவரம் எழுத்தில் கேட்கிறார். வருவாய்த்துறையின் நில விவர ஏ பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்ற பத்தியில் 8-4 என்று இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதுமா? போதாது என்றால் எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எதை எதை எழுத வேண்டும்? மண் மாதிரி ஆய்வகத்துக்குக் கொடுத்தாலே இதெல்லாம் வந்துவிடுமா?

---

மண்கண்டம் பதில்:

அந்த 8-4 வெள்ளைக்காரர் காலத்து நிலவரித் திட்டத்திலிருந்து வருகிற எண். தீர்வை போடுவதற்காக வைத்தது. இரண்டடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆய்வக அறிக்கையும் அப்படித்தான்: நீங்கள் கொடுத்த அரைக்கிலோ மண்ணுக்குள் இருக்கும் சத்தையும் உப்பையும் சொல்லும். மண்கண்டம் (வேர் இறங்கக்கூடிய மண்ணின் ஆழம்) எத்தனை அடி, அடியில் பாறையா சுக்கானா, தண்ணீர் இறங்குமா நிற்குமா என்பதெல்லாம் குழியில்தான் தெரியும். மரப்பயிருக்கு இதுதான் முதல் கேள்வி. பிஎச்சும் தழை, மணி, சாம்பல் சத்தும் அதற்குப் பிறகுதான்.

குழி வெட்டுவதற்கு முன் பூமியை ஒரு தடவை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்கோட்டில் நடந்து பாருங்கள். குறுக்கே நடந்தால் ஒரே மண் திரும்பத் திரும்ப வரும். சரிவோடு இறங்கினால்தான் மாற்றம் தெரியும். உங்கள் பக்கம் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் வரிவரியான கடும்பாறை. மேட்டில் தண்ணீர் நிற்காமல் வடிவதால் இரும்பு துருவேறிச் செம்மண் ஆகிறது. வடிந்த நீரோடு போன சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் பள்ளத்தில் சேர, அங்கே விரிந்து சுருங்கும் களி உருவாகிக் கரிசல் ஆகிறது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பதால் சுண்ணாம்பு முழுக்கக் கழுவிப் போகாமல் நடுவழியில் தங்கிவிடுகிறது; அதுதான் உங்கள் நடு ஒன்றரை ஏக்கர். மூன்றும் ஒரே சரிவின் மூன்று படிகள் என்று வைத்துக்கொண்டால் எங்கே குழி போடுவது என்பது தானாகப் புரியும்.

சரிவுக் கோட்டில் 25, 30 மீட்டருக்கு ஒரு இடமாக ஆகர் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி) போட்டோ கடப்பாரையால் குத்தியோ 8, 10 இடம் பாருங்கள். எந்த ஆழத்தில் கடப்பாரை நிற்கிறது, மண் எங்கே நிறம் மாறுகிறது என்று மட்டும் குறித்தால் போதும். பிறகு மேடு, நடு, கரிசல் மூன்றுக்கும் ஒவ்வொரு குழி. வெள்ளை பூத்த மூலைக்குத் தனியாக ஒன்று. நான்கு போதும். வரப்போரம், கிணற்று மேடு, பழைய எருக்குழி, மாட்டுப்பட்டி, மரத்தடி ஆகிய இடங்களில் வெட்டக் கூடாது. அந்த இடங்களின் மண் பூமியின் மண் அல்ல.

குழி நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் அல்லது பாறை வரும் வரை. வெயில் படும் பக்கத்துச் சுவரைப் பார்க்கும் சுவராக வைத்துக்கொண்டு, அதன் மேல்கரையில் யாரும் மிதிக்காமலும் மண்ணைக் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் படி. மேல்மண் ஒரு குவியல், அடிமண் இன்னொரு குவியல், இரண்டும் கரையிலிருந்து இரண்டடியாவது தள்ளி. மூடும்போது அடிமண் முதலில் போக வேண்டும். ஜேசிபியில் வெட்டினால் வாளி இழுத்த இழுப்பில் சுவர் மெழுகினது போலாகிவிடும், அடுக்கும் கட்டியும் எதுவும் தெரியாது. அந்த முகத்தை 10 செமீ உள்ளே கொத்தனார் கரண்டியால் குடைந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். வெட்டாமல், கத்தி முனையை நுழைத்து நெம்பினால் மண் தானாக எங்கே பிரிகிறதோ அங்கே பிரியும். அந்தப் பிரிவுதான் அதன் அமைப்பு.

இனி எழுதுவது. டேப்பை மேலிருந்து தொங்கவிட்டு, நிறம், கடினம், கல், வேர் எங்கே மாறுகிறதோ அங்கே ஆணி குத்துங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பத்தி:

ஆழம் செமீயில் (0–16, 16–38 என்பது போல). அடுத்த அடுக்குக்கு மாறும் எல்லை பளிச்சென்று இருக்கிறதா, 5 முதல் 15 செமீக்குள் மெல்ல மாறுகிறதா என்பதும் சேர்த்து.

நிறம், ஈரமாக்கிய மண்ணில். காய்ந்த மண் ஒரு படி வெளுத்துத்தான் தெரியும். மன்செல் வண்ண அட்டை இருந்தால் 2.5 ஒய்ஆர் 3/6 என்பது போல எண்ணாகவே எழுதலாம்; இல்லாவிட்டால் 'ஈரத்தில் கருஞ்சிவப்பு' என்றே எழுதுங்கள், ஆனால் நான்கு குழிக்கும் ஒரே ஆள் எழுதட்டும். சிவப்புக்குள் சாம்பல், மஞ்சள் திட்டு இருந்தால் அதன் ஆழத்தைக் கட்டாயம் குறியுங்கள். அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

நயம், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதம். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைப் பொறுக்கிவிட்டு ஒரு கைப்பிடி மண்ணைச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். உருண்டை வருகிறது, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தள்ளினால் நாடா வரவில்லை என்றால் களி சேர்ந்த மணல். நாடா 2.5 செமீக்குள் ஒடிந்தால் லோம் என்று ஆய்வகத்தில் எழுதும் இருபொறை. 2.5 முதல் 5 வரை வந்தால் களி இருபொறை. 5-ஐத் தாண்டித் தொங்கினால் களி. கடைசியில் சிறிது மண்ணை உள்ளங்கையில் கூழாகக் கரைத்துத் தேய்த்துப் பாருங்கள்: நறநறவென்றால் பெயருக்கு முன்னால் 'மணல்' சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் செம்மண் எல்லாரையும் ஏமாற்றும். இரும்பு ஒட்டின நுண்கட்டிகள் முதலில் மணல் போலவே விரலில் உருளும். அரை நிமிடம் பிசைந்துவிட்டு மணல் இருபொறை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசைந்தால் அதே மண் 4 செமீ நாடா விடும்.

சரளை. பொறுக்கிப் போட்ட கல் சுவரின் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கண்மதிப்பாக எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் நீர்க் கணக்கு முழுதும் தப்பாகும், ஏனென்றால் கல் தண்ணீர் பிடிக்காது.

பிறகு அமைப்பு (பொலபொலவென்ற குருணையா, கட்டியா, தகடு தகடாகவா, தூண் தூணாகவா), வேர் எதுவரை போயிருக்கிறது, அமிலத்தில் பொங்குகிறதா. 15, 20 செமீயில் தகடாகப் பிரிந்து, வேர் அங்கே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் அது உழவுத் தட்டு, அதாவது உழுது உழுது அடியில் இறுகிப்போன அடுக்கு. அதன் தடிமனைக் குறியுங்கள்.

அமிலச் சோதனைக்கு 10 சத ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹார்டுவேர் கடையில் நிறமில்லாமல் கிடைக்கும் ஆசிட் 30 சதத்தை ஒட்டி இருக்கும். இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டை ஊற்றுங்கள், மாற்றி ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழிவறை கழுவும் நீல நிறத் திரவம் வேண்டாம், அதில் சோப்பு இருப்பதால் சுண்ணாம்பில்லாத மண்ணிலும் நுரைக்கும். மேலிருந்து கீழாக 10 செமீக்கு ஒரு சொட்டு. சத்தம் மட்டும் காதில் விழுகிறதா, குமிழி தெரிகிறதா, நுரை தள்ளுகிறதா என்று மூன்று படியாக எழுதுங்கள். மண் பொங்கத் தொடங்கும் ஆழம்தான் உங்கள் எலுமிச்சையின் தலையெழுத்து.

---

கரிசக்காடு பதில்:

மேலே சொன்னது செம்மண்ணுக்குச் சரி. கரிசலுக்கு இன்னும் சில சேர்க்க வேண்டும்.

கரிசல் குழியைச் சித்திரை, வைகாசியில் பார்த்தால்தான் வெடிப்பைப் பார்க்க முடியும். ஒரு செமீக்கு மேல் அகலமான வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று மெல்லிய கம்பியை விட்டு அளந்து எழுதுங்கள். 50 செமீயைத் தாண்டினால் அது முழுக் கரிசல். 20, 25-லேயே நின்றுவிட்டால் செம்மண் மேல் கரிசல் படிந்த இடமாகவோ அடியில் வேறு ஏதாவது இருக்கும் இடமாகவோ இருக்கும். அரை மீட்டருக்குக் கீழே ஒரு பெரிய கட்டியை நெம்பி எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முகம் எண்ணெய் தடவினது போல மின்னி, அதில் கோடு கோடாகத் தேய்ந்த தடம் இருக்கும். ஈரத்தில் விரிந்த மண் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேய்த்த இடம் அது. எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று குறியுங்கள். கட்டடமோ தொட்டியோ கட்டுவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான். நட்ட கல்லையும் குழாயையும் அசைப்பது அந்த ஆழத்து மண்.

நிறம் கறுப்பு என்பதால் மக்கு நிறைய இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அங்கக கார்பன் 0.5 சதத்துக்கும் கீழே இருக்கும் கரிசல்தான் அதிகம். கறுப்புக்கும் வளத்துக்கும் நேர்க்கணக்கு கிடையாது.

பாட்டில் சோதனையை நம்பி இத்தனை சதம் களி என்று எழுத வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு இரவு ஊறவைத்துக் காலையில் 10 நிமிடம் குலுக்கி வைத்தால் முதல் நிமிடத்தில் மணல், இரண்டு மணி நேரத்தில் வண்டல், ஒன்றிரண்டு நாளில் களி படியும். ஆனால் களி பஞ்சு போலத் தளர்ந்து படிவதால் உயரக் கணக்கில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். குழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். சதம் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் நயப் பகுப்பாய்வு என்று தனியாகக் கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் அது வராது.

இன்னொன்று. கரிசலை இளக்க மணல் லாரி லாரியாக அடிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு ஏக்கரில் 15 செமீ மேல்மண் மட்டுமே 600 கனமீட்டர். அதன் நயம் மாறவே நூற்றுக்கணக்கான கனமீட்டர் மணல் வேண்டும். குளத்து வண்டலைச் செம்மண்ணில் போடுவது வேறு கணக்கு. அதில் கொஞ்சம் களி சேர்ந்தாலே நீர்ப்பிடிப்பு கூடும்.

---

உவர்நிலம் பதில்:

அந்த வெள்ளை மூலைக்கு வருகிறேன். உவரா களரா என்று பிரிக்காமல் 'உப்பு மண்' என்று எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

உவரில் உப்பு அதிகம், மண் அமைப்பு கெட்டிருக்காது. காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும், மிதித்தால் பொதுபொதுவென்று இருக்கும். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் சரியாகும். களரில் சோடியம் களியைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிஎச் 8.5-க்கு மேல், மழை பெய்தால் பாலாடை போல மேலே மூடிக்கொண்டு தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும், காய்ந்தால் கல். அதன் குழியில் 20, 30 செமீக்குக் கீழே தூண் தூணாக, தலை மொழுக்கென்று உருண்ட கட்டிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. நிழலில் உலர்ந்த பட்டாணி அளவு கட்டி மூன்றை, கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோ விட்டு அதில் மெதுவாக இறக்குங்கள். கலக்கக் கூடாது, தம்ளரை நகர்த்தவும் கூடாது. 10 நிமிடத்திலும் 2 மணி நேரத்திலும் பாருங்கள். கட்டி உடைந்து குவியலாகச் சரிந்து, சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அது வெறும் உதிர்வு, பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றினது போல ஒரு வளையம் தோன்றி அடியில் படர்ந்தால் களி சிதறுகிறது, களர். போர்த் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அதில் உள்ள உப்பே களியைத் திரட்டிப் பிடித்துவிடும். களர் மண்கூடத் தெளிவாக நிற்கும். இந்தச் சோதனையில் பெரும்பாலானோர் தப்பு செய்வது இங்கேதான்.

ஆய்வக அறிக்கையில் உப்பின் அளவைப் படிக்கும்போதும் கவனம். நம் ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து இசி (உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு) அளக்கின்றன. புத்தகத்தில் உவருக்குச் சொல்லும் மீட்டருக்கு 4 டெசிசைமன் என்ற எல்லை, மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த நீருக்கு உரியது. கலக்கும் நீர் கூடும்போது அளவு பல மடங்கு குறையும். ஆகவே அறிக்கையில் 1.5 என்று இருந்தால் 4-க்குக் கீழேதானே என்று நிம்மதி அடையக் கூடாது. இந்த முறையில் 1-க்குள் இருப்பதே பாதுகாப்பு.

மாதிரி எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பகுதிக்கும் தனித்தனி. ஆண்டுப் பயிருக்கானால் 'வி' வடிவில் 15 செமீ ஆழம் வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் சீவி 10, 15 இடத்து மண்ணைச் சேர்த்து, கால் பகுதி முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை விலக்கி) குறைத்து அரைக்கிலோ. மரத்துக்கானால் 0–30, 30–60, 60–90 செமீ தனித்தனிப் பையில். அவற்றைக் குழிச் சுவரிலிருந்தே எடுக்கலாம். கீழடுக்கிலிருந்து தொடங்கி மேலே வந்தால் மேல்மண் உதிர்ந்து கலக்காது. உரச்சாக்கில் போட வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்.

களர் என்று உறுதியானால் ஜிப்சம் எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் ஜிப்சத் தேவை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்த மூலையிலிருந்து தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப்சம் சோடியத்தை விடுவிக்கும், அவ்வளவுதான். விடுபட்டது வேருக்குக் கீழே கழுவிப் போய் வெளியேற வடிகால் இல்லாவிட்டால் போட்ட பணம் அதே மூலையில் கிடக்கும்.

---

மேக்கால்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. நடுப்பகுதிக் குழி வெட்டியாச்சு. தெற்கு வரப்பிலிருந்து 62 மீட்டர். 0–16 செமீ செம்பழுப்பு, நாடா 2 செமீ, நறநறப்பு, ஆசிட்டுக்குச் சத்தம் மட்டும். 16–38 அதைவிடச் சிவப்பு, நாடா 3 செமீ, நறநறப்பு உண்டு, கல் 15 சதம் இருக்கும், குமிழி நன்றாக வருகிறது. 38–70 வெள்ளை, பாதிக்கு மேல் சுக்கான்கல், நுரை தள்ளுகிறது. 70-க்குக் கீழே பாறை மாதிரி, ஆனால் கடப்பாரையில் பொரிந்து வருகிறது, இடுக்கில் வெள்ளைக் கோடு. வேர் 40 வரைக்கும்தான். இதை எப்படி எழுதுவது? எலுமிச்சை வைக்கலாமா?

தம்ளர் சோதனையும் செய்தாச்சு. மூலை மண் 10 நிமிடத்திலேயே பாலாகிவிட்டது.

---

மண்கண்டம் பதில்:

நன்றாகவே குறித்திருக்கிறீர்கள். இப்படி எழுதிக் கொடுங்கள்:

'குழி 2. தெற்கு வரப்பிலிருந்து 62 மீ, நடுச்சரிவு. 0–16 செமீ: செம்பழுப்பு, மணல் இருபொறை, சுண்ணாம்பு மிகக் குறைவு. 16–38: சிவப்பு, மணற்களி இருபொறை, சரளை 15 சதம், சுண்ணாம்பு மிதம். 38–70: வெண்மை, சுக்கான்கல் 50 சதத்துக்கு மேல், சுண்ணாம்பு மிக அதிகம், 40-க்குக் கீழே வேர் இல்லை. 70-க்குக் கீழ்: உக்கிய நைஸ் பாறை, பிளவுகளில் சுண்ணாம்பு, கடப்பாரைக்கு உடைகிறது. பயன்படும் மண்கண்டம் 38 செமீ.'

இதோடு சரிவின் சதம், இப்போதுள்ள பயிர், கடைசியாக மழை பெய்த நாள், கைப்பேசியில் எடுத்த அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றையும் சேருங்கள். குழிச் சுவரை டேப்போடு நிழலில் படம் எடுத்து இணையுங்கள். நேர் வெயிலில் எடுத்தால் நிறம் வெளுத்துவிடும். கோவை, திருப்பூர் பக்கத்து மண் ஆய்வு அறிக்கைகளில் சுண்ணாம்பில்லாச் செம்மண் இருகூர் வகை என்றும், சுண்ணாம்புச் செம்மண் பாலத்துறை வகை என்றும், கரிசல் பீளமேடு வகை என்றும் வரும். உங்கள் நடுப்பகுதி இரண்டாவதின் சாயலில் இருக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து அந்தப் பெயரைக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். அடுக்குகளின் விவரம் முழுக்கப் பொருந்தினால் மட்டுமே அந்தப் பெயர்.

இனி நீர்க் கணக்கு. மணல் இருபொறை ஒரு மீட்டர் ஆழத்துக்கு 120 மில்லிமீட்டர் பிடிக்கும் என்று வைத்தால் முதல் 16 செமீயில் 19. மணற்களி இருபொறைக்கு 140 வைத்து, 22 செமீ ஆழம், சரளை கழித்து 85 சதம்: 26. மொத்தம் 45 மில்லிமீட்டர். இதில் பாதி தீர்ந்தாலே மரம் தவிக்கத் தொடங்கும், ஆக 22. கோடையில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் போனால் நாலு நாள் தாங்கும். பக்கத்துக் கரிசல் இதைப் போல மூன்று நான்கு மடங்கு பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே வால்வு வைத்தால் ஒன்று காயும், ஒன்று அழுகும். சொட்டுநீர் அமைப்பவர் உங்களிடம் மண் விவரம் கேட்டது இதற்குத்தான்.

எலுமிச்சை வேண்டாம் என்பதே என் கருத்து. 16 செமீக்குக் கீழேயே சுண்ணாம்பு குமிழி விடுகிறது. வேர் முழுதும் அதற்குள்தான் ஓடப் போகிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வருடா வருடம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெல்லியும் இலந்தையும் இந்த மண்ணை எலுமிச்சையைவிட நன்றாகத் தாங்கும். தென்னையை மேட்டுக் குழியைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஒரு மீட்டருக்குக் குறைவான மண்கண்டத்தில் தென்னை பெயருக்கு நிற்கும், சரியாகக் காய்க்காது.

---

வாய்க்கால்மடை பதில்:

வால்வு பிரிப்பதைச் சொன்னார் மண்கண்டம் அண்ணா. அதோடு நீர் இறங்கும் வேகமும் குறிப்பில் இருக்கட்டும். 30 செமீ விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்று, அதைச் சுற்றி 60 செமீ வளையம் ஒன்று, இரண்டையும் 10 செமீயாவது மண்ணில் இறக்கி, இரண்டிலும் நீர் நிரப்பி, உள்வளையத்தில் மட்டும் அளக்க வேண்டும். வெளிவளையம் எதற்கென்றால், உள்ளே இருக்கும் நீர் பக்கவாட்டில் ஓடாமல் நேர்கீழே இறங்குவதற்கு. முதல் அரைமணி அளவு கணக்கில்லை. அடுத்தடுத்த அளவு ஒரே மாதிரி வரும் வரை, இரண்டு மூன்று மணி நேரமானாலும், பொறுத்திருங்கள்.

மணிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் இறங்கினால் மணல் இருபொறைக்கு உரிய வேகம். 5 முதல் 10 களி இருபொறை. 1 முதல் 5 களி. உங்கள் செம்மண்ணில் நயம் மணல் இருபொறை என்று வந்தும் வேகம் 6, 7 தான் என்றால் மேலே பாலாடை போல மண் மூடியிருக்கிறது அல்லது உழவுத் தட்டு இருக்கிறது. கரிசலில் வெடிப்போடு அளந்தால் தண்ணீர் வெடிப்புக்குள் ஓடிப் பொய்யான அளவு வரும். முந்தின நாளே நனைத்து வெடிப்பு மூடின பிறகு அளக்க வேண்டும்.

சொட்டுவான் இடைவெளிக்கு அட்டவணையை நம்ப வேண்டாம். மூன்று பகுதியிலும் ஒரு கேனில் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அதன் நடுவே மண்வெட்டியால் நேராக வெட்டி, நனைந்த வடிவத்தை டேப் வைத்து அகலமும் ஆழமும் அளந்து எழுதுங்கள். சரளையில் நீளக் கேரட் போல இறங்கியிருக்கும், கரிசலில் தட்டு போல விரிந்திருக்கும். வடிவமைப்பவருக்கு அந்த இரண்டு எண் போதும்.

---

மேக்கால்தோட்டம் எழுதியது:

நல்லதுங்க. ஒரே ஒரு சந்தேகம். நடுப்பகுதியில் ஜேசிபி வைத்து மூன்றடிக்கு மூன்றடி குழியாக அந்தச் சுக்கானை உடைத்து, மேட்டுச் செம்மண்ணைப் போட்டு மூடினால் மரம் வைக்கலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சரியா?

---

மண்கண்டம் பதில்:

கீழே இருப்பதைப் பொறுத்தது. உங்கள் சுக்கான் 38-இல் தொடங்கி 70-இல் முடிகிறது, அதன் கீழே பாறை பொரிந்து வருகிறது. ஆகவே உடைப்பதில் பலன் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு குழியை மட்டும் முதலில் வெட்டி, சுவரையும் அடியையும் கடப்பாரையால் குத்திச் சொரசொரப்பாக்கி விட்டு, அரையளவு நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி அரையளவு. இரண்டாவது தடவை ஊற்றினது 24 மணி நேரத்தில் காணாமல் போனால் மற்றக் குழிகளை வெட்டலாம். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் அது மண்ணுக்குள் புதைத்த அண்டா; ஐப்பசி மழையில் வேர் அதற்குள் அழுகும், எந்த மரமானாலும்.

வெட்டி எடுத்த வெள்ளைக் கல்லைத் திரும்பக் குழிக்குள் போடாதீர்கள், வரப்புக்குக் கொண்டுபோங்கள். மூடும் மண்ணுக்கு மேட்டை ஆழமாகச் சுரண்ட வேண்டாம். ஒரு குழிக்கு முக்கால் கனமீட்டருக்கு மேல் மண் வேண்டும். நூறு குழி என்றால் 75 கனமீட்டருக்கு மேல்; அதை ஒரே இடத்தில் சுரண்டினால் அந்த இடத்து மண்கண்டம் போய்விடும். குழியில் முதலில் வந்த 38 செமீ மண்ணைத் தொழுவுரத்தோடு கலந்து, குறைவதற்கு மட்டும் குளத்து வண்டல் சேருங்கள். வண்டலையும் அந்தத் தம்ளரில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேட்டுக் குழியின் அளவு வந்ததும் இங்கேயே போடுங்கள், தென்னையை அப்போது பார்க்கலாம்.